கை மரத்து விழிக்கும் இரவுகள்: கார்ப்பல் டனல் சிண்ட்ரோமுக்கு அறுவையில்லாத மருத்துவமும் தூக்கமும்

இரவு இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ கை மரத்துப்போய், விரல்களில் ஊசி குத்துவதுபோல் விறுவிறுத்து, அதனாலேயே விழிப்புத் தட்டி, எழுந்து உட்கார்ந்து கையை நாலு முறை உதறிய பிறகே மறுபடி படுக்க முடிகிறது என்று ஒருவர் சொன்னால், மருத்துவர் முதலில் நினைப்பது கார்ப்பல் டனல் சிண்ட்ரோம் எனப்படும் மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தைத்தான். நோயாளிகள் இதைப் பெரும்பாலும் வேறு விதமாக எண்ணிக்கொள்கிறார்கள். கைக்கு ரத்த ஓட்டம் போகவில்லை என்பார்கள். வாயுப் பிடிப்பு என்பார்கள். மரத்தது இடக்கையாக இருந்துவிட்டால் மாரடைப்போ என்று பயந்து நள்ளிரவில் இசிஜி எடுக்க ஓடுவதும் உண்டு. நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றோடு கை மரத்தால் அப்படி ஓடுவதே சரி. ஆனால் வாரக்கணக்கில் இரவுதோறும் கை மட்டும் மரத்து, உதறினால் சரியாகிவிடுகிறது என்றால், கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் மணிக்கட்டுதான்.

உள்ளங்கையின் அடிப்பகுதியில் எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக அமைந்து தரையும் பக்கச் சுவர்களுமாக நிற்க, அவற்றின் மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று கூரையாகக் குறுக்கே செல்கிறது. இப்படி உண்டாகும் குறுகலான சுரங்கத்தின் வழியாக விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் கைக்குள் நுழைகின்றன. எலும்பும் விரியாது, நார்ப்பட்டையும் எளிதில் விரியாது. ஆகவே தசைநாண்களைச் சுற்றியுள்ள உறை சற்றுத் தடித்தாலும், உடலில் நீர் சற்றுக் கூடுதலாகத் தேங்கினாலும், உள்ளே அழுத்தம் ஏறி, அங்கிருப்பவற்றில் மிக மென்மையானதாகிய நரம்பு நசுங்குகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் நடுவிரலை ஒட்டிய பாதி ஆகியவற்றின் உணர்ச்சியும், கட்டைவிரலின் அடியில் மேடாகத் தெரியும் தசையின் பெரும்பகுதியும் இந்த நரம்பைச் சார்ந்தவை. சுண்டுவிரல் இதன் ஆட்சிக்கு வெளியே இருக்கிறது. அதற்கு வேறு நரம்பு. எனவே எந்தெந்த விரல்கள் மரக்கின்றன என்பதை விழித்த அந்த நேரத்திலேயே கவனித்து வைத்துக்கொள்வது, மறுநாள் மருத்துவரிடம் "கை முழுக்க மரத்துப்போகிறது" என்று பொதுவாகச் சொல்வதைவிடப் பயனுள்ளது.

பகலில் ஓயாமல் வேலை செய்யும் கை, ஓய்வெடுக்கும் இரவில் ஏன் தொல்லை கொடுக்க வேண்டும்? இதற்கான விடை மணிக்கட்டின் நிலையில் இருக்கிறது. 1981-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஜெல்பர்மன் குழுவினர் மெல்லிய குழாய் ஒன்றைச் சுரங்கத்துக்குள் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். மணிக்கட்டு நேராக இருக்கும்போது நோயற்றவர்களிடம் சராசரி அழுத்தம் 2.5 மி.மீ. பாதரச அளவாகவும், நோயாளிகளிடம் 32 ஆகவும் இருந்தது. நோயாளிகள் மணிக்கட்டை உட்புறமாக மடக்கியபோது அது 94-க்கும், பின்புறமாக வளைத்தபோது 110-க்கும் ஏறியது. நரம்புக்குள் ஓடும் நுண்ணிய சிரைகளில் ரத்த ஓட்டம் 20 முதல் 30 மி.மீ. அழுத்தத்திலேயே தளரத் தொடங்குகிறது என்பது விலங்கு ஆய்வுகளில் தெரிந்த செய்தி. இந்த எண்களைச் சேர்த்துப் பார்த்தால் இரவில் நடப்பது விளங்கும். உறக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக் கன்னத்தின் அடியிலோ தலையணையின் அடியிலோ செருகிக்கொள்கிறோம். விழித்திருக்கும்போது சில நொடிகளில் மாற்றிக்கொள்ளும் அந்த நிலை, உறக்கத்தில் அரைமணி நேரம்கூட நீடிக்கிறது. பகலில் கால்களில் தங்கியிருந்த நீர், படுத்தபின் உடலெங்கும் பரவிக் கைகளுக்கும் வருகிறது. நீரை நகர்த்தும் தசை இயக்கமும் உறக்கத்தில் இல்லை. கையை உதறியதும் விறுவிறுப்பு அடங்குவது இதனால்தான்: மணிக்கட்டு நேராகிறது, தசைகள் அசைகின்றன, அழுத்தம் இறங்குகிறது. கட்டிலிலிருந்து கையைக் கீழே தொங்கவிட்டுப் படுப்பவர்களும் தங்களை அறியாமலேயே இதே வைத்தியத்தைத்தான் செய்துகொள்கிறார்கள்.

இந்த நோயில் தூக்கக் கேடு ஒரு பக்க விளைவு அல்ல, நோயின் மையமே அதுதான். சிகிச்சை பலனளிக்கிறதா என்று அளக்க உலகெங்கும் பயன்படும் பாஸ்டன் வினாத்தாள் 1993-இல் உருவாக்கப்பட்டது. அதில் அறிகுறிகளைப் பற்றிய 11 கேள்விகளில் நான்கு இரவைப் பற்றியவை. இரவில் வலி எவ்வளவு, வலியால் எத்தனை முறை விழிக்கிறீர்கள், இரவில் மரப்பு எவ்வளவு, மரப்பால் எத்தனை முறை விழிக்கிறீர்கள் என்பவையே அவை. இரவில் மூன்று நான்கு முறை விழிப்பவருக்கு ஆழ்ந்த உறக்கம் துண்டு துண்டாகிறது. உறக்கம் கெட்டால் மறுநாள் அதே வலி கூடுதலாக உறைக்கிறது. வலி கூடினால் அடுத்த இரவும் கெடுகிறது. இந்தச் சுழலை எங்காவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். எந்தச் சிகிச்சையைத் தொடங்கினாலும் "இரவில் எத்தனை முறை விழித்தேன்" என்ற ஒரே எண்ணைக் காலண்டரில் நாள்தோறும் குறித்துவருவது, நோயாளிக்கும் மருத்துவருக்கும் மிகச் சிறந்த அளவுகோல் என்பது என் கருத்து.

சிகிச்சைக்கு முன் நோய் இதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். கழுத்து எலும்புத் தேய்மானத்தால் நரம்பு வேர் அழுந்தினாலும் கை மரக்கும். ஆனால் அப்போது கழுத்தை அசைக்கும்போது வலி தோளிலிருந்து கைக்கு இறங்குவது வழக்கம். நீண்ட நாள் சர்க்கரை நோயால் நரம்புகள் பழுதுபட்டாலும் மரக்கும். ஆனால் அது பெரும்பாலும் கால் பாதங்களில் தொடங்கும். இரண்டு மணிக்கட்டுகளையும் உட்புறமாக மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் மேற்சொன்ன விரல்களில் விறுவிறுப்பு தோன்றுகிறதா என்று மருத்துவர் பார்ப்பார். ஐயமிருந்தால், அல்லது நோயின் தீவிரத்தை அறிய வேண்டியிருந்தால், நரம்பில் மின் தூண்டல் எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்று அளக்கும் என்.சி.எஸ். சோதனைக்கு எழுதிக்கொடுப்பார்.

லேசான, நடுத்தர நிலையில் உள்ளவர்களுக்கு முதலில் தரப்படுவது இரவில் அணியும் மணிக்கட்டுப் பட்டை. நம் ஊர் மருத்துவர்களின் சீட்டில் இது காக்-அப் ஸ்பிளின்ட் என்று இருக்கும். சர்ஜிகல்ஸ் கடைகளில் அப்படிக் கேட்டாலே கொடுத்துவிடுவார்கள். மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைத்திருப்பது ஒன்றே இதன் வேலை. மருந்து எதுவும் இதில் இல்லை. அழுத்தம் 94-க்கும் 110-க்கும் ஏறுவதைத் தடுத்து, மிகக் குறைவாக இருக்கும் நேர்நிலையிலேயே இரவு முழுவதும் நிறுத்தி வைக்கிறது. கேட்பதற்கு மிக எளிதாக இருப்பதாலோ என்னவோ, பலர் இதை ஒரு சிகிச்சையாகவே மதிப்பதில்லை; மாத்திரை எழுதித் தராத மருத்துவரிடம் அடுத்த முறை போகாதவர்களும் இருக்கிறார்கள்.

பட்டை பலனளிக்காமல் போவதற்கு மிகப் பொதுவான காரணம் அது பொருந்தாமல் இருப்பதே. பட்டையின் உள்ளங்கைப் பக்கத்தில் ஒரு பையும், அதற்குள் தட்டையான உலோகத் தகடும் இருக்கும். கடையில் கிடைக்கும் பட்டைகள் பலவற்றில் இந்தத் தகடு மணிக்கட்டைப் பின்புறமாக ஏறத்தாழ 20 முதல் 30 பாகை வளைத்துப் பிடிக்கும்படி முன்பே வளைக்கப்பட்டிருக்கும். எலும்பு முறிவுக்கும் வேறு சில கோளாறுகளுக்கும் அந்த வளைவு ஏற்றது. நரம்பு நெருக்கத்துக்கோ, பின்புறமாக வளைந்த மணிக்கட்டும் அழுத்தத்தைக் கூட்டுவதே. ஆகவே தகட்டை வெளியே உருவி, மேசை விளிம்பில் வைத்து அழுத்தி நிமிர்த்தி, மறுபடி பைக்குள் செருக வேண்டும்; கையில் அணிந்து பக்கவாட்டில் பார்க்கும்போது முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். இதைத் தாமாகச் செய்யத் தயங்குபவர்கள் பிசியோதெரபிஸ்டிடம் எடுத்துச் சென்றால் அவர் சில நிமிடங்களில் செய்து கொடுத்துவிடுவார். அடுத்ததாக, பட்டையின் மேல்விளிம்பு உள்ளங்கையின் குறுக்கு ரேகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விரல்களை மடக்க இடமிருக்காது, காலையில் விரல்கள் விறைத்துப்போகும். மணிக்கட்டின் நேர் மேலே வரும் நாடாவை இறுக்கிக் கட்டுவது பலர் செய்யும் பிழை. இறுக்கினால் வெளியிலிருந்து அதே சுரங்கத்தின் மீது அழுத்தம் ஏறும். பட்டைக்கும் தோலுக்கும் இடையே சுண்டுவிரல் எளிதாக நுழையும் அளவுக்குத் தளர்வு வேண்டும். நம் ஊர்க் கோடையில் வியர்த்து அரிப்பதாலேயே கழற்றி எறிபவர்கள் அநேகம். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போன்ற துணியை அணிந்துகொண்டு, அதைத் தினமும் துவைத்துப் போட்டால் பொறுத்துக்கொள்ளலாம். கடையில் சேர்த்துத் தரப்படும் நீளமான கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொள்வது இதற்கு மாற்று ஆகாது. அது மணிக்கட்டை மடங்கவும் விடும், இறுக்கவும் செய்யும்.

முதல் இரண்டு மூன்று இரவுகளில் பட்டையே தூக்கத்தைக் கெடுக்கக்கூடும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அந்நியமான ஒன்று கையில் இருப்பதால் புரண்டு படுக்க முடியவில்லை என்பார்கள். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணிந்து பழகினால் இது விரைவில் சரியாகும். பகலில் எந்நேரமும் அணியத் தேவையில்லை. அப்படி அணிந்தால் மணிக்கட்டு விறைத்துக் கைத்தசை பலம் குன்றும். குறைந்தது ஆறு வாரமாவது இரவுதோறும் விடாமல் அணிந்த பிறகே பலனில்லை என்று முடிவு செய்யலாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பட்டைக்கு ஆதரவான சான்றுகள் அத்தனை உறுதியானவை அல்ல என்று சொன்னாலும், இரவில் அணிபவர்களில் மொத்தத்தில் தேறியதாக உணர்பவர்கள் கூடுதலாக இருக்கக்கூடும் என்றும், தீங்கு மிகக் குறைவு என்றும் கண்டது. விலையும் குறைவு, ஆபத்தும் குறைவு என்னும்போது முதலில் இதை முயன்று பார்ப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

பட்டையால் போதிய நிம்மதி கிடைக்காதபோது, அல்லது தூக்கம் அடியோடு கெட்டு ஆறு வாரம் காத்திருக்க இயலாதபோது, அடுத்த படி ஸ்டீராய்டு ஊசி. சுரங்கத்துக்குள் ஒரே ஒரு முறை போடப்படும் இந்த ஊசி, தசைநாண் உறையின் வீக்கத்தை இறக்கி நரம்புக்கு இடம் தருகிறது. ஊசிமுனை நரம்பில் படாமலிருக்கப் பழகிய கை வேண்டும். இப்போது பல மருத்துவர்கள் அல்ட்ராசவுண்ட் திரையில் நரம்பைப் பார்த்துக்கொண்டே போடுகிறார்கள். பிரிட்டனில் 234 பேரிடம் நடந்து 2018-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, இந்த ஊசியையும் ஆறு வார இரவுப் பட்டையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஆறாவது வார முடிவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் நன்றாக முந்தியிருந்தார்கள். ஆறாவது மாதத்தில் இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. தூக்கத்தை விரைவாக மீட்க வேண்டுமானால் ஊசி மேல், நீண்ட நாள் கணக்கில் இரண்டும் ஒன்றே என்பதாக இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஊசியின் நிம்மதி எவ்வளவு காலம் நீடிக்கும் என்ற கேள்விக்கு 2013-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு ஒன்று கசப்பான விடையைத் தருகிறது. பட்டையால் பலனடையாத 111 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 80 மி.கி. மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு, மற்றொன்றுக்கு 40 மி.கி., மூன்றாவதற்கு மருந்தில்லாத ஊசி என்று போட்டார்கள். பத்தாவது வாரத்தில் மருந்து பெற்றவர்கள் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஆனாலும் ஓராண்டு முடிவதற்குள் 80 மி.கி. பெற்றவர்களில் 73 சதவீதமும், 40 மி.கி. பெற்றவர்களில் 81 சதவீதமும், மருந்து பெறாதவர்களில் 92 சதவீதமும் அறுவை சிகிச்சைக்குப் போயிருந்தார்கள். இவர்கள் ஏற்கெனவே பட்டைக்கு மசியாத நோயாளிகள் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். லேசான நோயுள்ளவருக்கு இந்த எண்கள் அப்படியே பொருந்தா. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும். அந்த நாட்களில் அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். சிலருக்கு முதல் ஓரிரு நாள் வலி கூடிப் பின்பே இறங்கும். அந்த இரவுகளுக்குப் பயந்து ஊசி தோற்றுவிட்டதாக எண்ண வேண்டாம்.

மாத்திரைகளின் கதை வேறு. தைவானில் நடந்து 1998-இல் வெளியான ஆய்வில் வலிநிவாரணி, நீர் பிரியும் மாத்திரை, குறைந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரை, வெற்று மாத்திரை ஆகிய நான்கையும் நான்கு வாரம் கொடுத்து ஒப்பிட்டபோது, ஸ்டீராய்டு மட்டுமே குறிப்பிடத்தக்க பலனளித்தது. அந்தப் பலனும் குறுகிய காலத்துக்கானதே. தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது இங்கே ஒரு முரண் இருக்கிறது: ஸ்டீராய்டு மாத்திரையே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். அதனால்தான் அதைக் காலை உணவுக்குப் பின் எடுக்கச் சொல்கிறார்கள். இரவில் விழுங்கிவிட்டுக் கை வலியால் தூக்கம் வரவில்லை என்று எண்ணிக்கொள்வது வீண். மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் "நரம்பு மாத்திரை" பற்றியும் சொல்லியாக வேண்டும். அதில் உள்ள பி6 வைட்டமின் இந்த நோயில் வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக உதவுவதாக நல்ல சான்று இல்லை. அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் அதுவே நரம்புகளைப் பழுதாக்கிக் கை கால்களை மரக்கச் செய்யும். சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது.

விரல்களையும் மணிக்கட்டையும் ஒரு வரிசையில் நீட்டி மடக்கி நரம்பையும் தசைநாண்களையும் நழுவச் செய்யும் பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தருவார். தனியாக இவை பெரிதாகச் சாதிப்பதில்லை. பட்டையோடு சேர்த்துச் செய்தால் சிலருக்கு உதவுகின்றன. யோகாசனம் பற்றி 1998-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 42 பேரிடம் நடந்த சிறு ஆய்வு ஒன்று வந்தது. வாரம் இருமுறையாக எட்டு வாரம் யோகா செய்தவர்களிடம் பிடிப்பு வலிமை கூடி வலி குறைந்தது. ஆனால் தூக்கக் கேட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. யோகா வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பகல் வலியைக் குறைப்பது எல்லாம் இரவு விழிப்பையும் குறைத்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதையே இது காட்டுகிறது. உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி மணிக்கட்டைப் பின்புறமாக முழுதும் வளைக்கும் ஆசனங்களை நோய் இருக்கும் காலத்தில் தவிர்ப்பது நல்லது.

படுக்கும் விதத்தை மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஒருக்களித்துப் படுக்கும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மல்லாந்து படுத்துக் கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்வதோ, ஒருக்களித்தே ஆக வேண்டுமென்றால் மார்புக்கு முன்னால் ஒரு தலையணையை அணைத்தபடி முன்கையை அதன்மேல் நீட்டிவைத்துக்கொள்வதோ உதவும். விரல்களை இறுக மூடியபடி உறங்குவதும் கூடாது. அப்போது உள்ளங்கையின் சிறு தசைகள் சில சுரங்கத்துக்குள் பின்னோக்கி நுழைந்து நெருக்கத்தைக் கூட்டுகின்றன.

எல்லாவற்றுக்கும் அடியில், நெருக்கத்தை உண்டாக்கிய காரணத்தையும் தேட வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, சர்க்கரை நோய், முடக்குவாதம், உடற்பருமன் ஆகியவை இந்த நோயோடு சேர்ந்தே காணப்படுபவை. நடுவயதுப் பெண்ணுக்கு இரண்டு கைகளும் மரக்கின்றன என்றால் தைராய்டும் சர்க்கரையும் சோதிக்காமல் விடுவது தவறு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உடலில் நீர் கூடுவதால் பலருக்கு இது வரும். பிரசவத்துக்குப் பின் பெரும்பாலும் தானே விலகிவிடும் என்பதால் அதுவரை இரவுப் பட்டையே போதும். அதிரும் கருவிகளைப் பிடித்து வேலை செய்வதும், பலத்தோடு இறுகப் பற்றும் வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதும் நோயைக் கூட்டுகின்றன. கணினி விசைப்பலகையைத்தான் எல்லோரும் குற்றம் சொல்கிறார்கள். அதற்கான சான்று மக்கள் நினைக்கும் அளவுக்கு வலுவாக இல்லை.

இந்த வழிகள் யாருக்குப் போதாது என்பதை அறிந்திருப்பது அவசியம். மரப்பு இரவில் வந்து போவதாக இருக்கும்வரை நரம்பு இன்னும் மீளக்கூடிய நிலையில் இருக்கிறது. பகலிலும் விடாமல் மரத்தே இருந்தால், சட்டைப் பொத்தானைப் போடவும் கீழே விழுந்த ஊசியை எடுக்கவும் தடுமாறினால், கட்டைவிரலின் அடி மேடு மற்றக் கையோடு ஒப்பிடும்போது தட்டையாகத் தெரிந்தால், நரம்பு நிலையாகப் பழுதடையத் தொடங்கிவிட்டது. இந்தக் கட்டத்தில் சிலருக்கு ஒரு விபரீதம் நேர்கிறது: வலியும் விறுவிறுப்பும் குறைந்து, முன்பைவிட நன்றாகத் தூக்கம் வருகிறது. நோய் குணமாகிறது என்று மகிழ்ந்து பட்டையைக் கழற்றிவிடுகிறார்கள். உண்மையில் வலியைச் சொல்லும் சக்தியையே நரம்பு இழந்திருக்கக்கூடும். எனவே தூக்கம் திரும்பினால் மட்டும் போதாது, விரல் நுனிகளின் உணர்ச்சியும் கட்டைவிரலின் பலமும் கூடவே திரும்பியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவை திரும்பாதவருக்கு, மரத்துப்போகும் ஊசி போட்டு நார்ப்பட்டையை வெட்டி விடுவிக்கும் சிறு அறுவையே உரிய சிகிச்சை. அதன்பின் இரவுத் தொல்லை பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே நீங்கிவிடுகிறது; மெலிந்துபோன தசை திரும்ப மாதங்கள் ஆகும், காலம் மிகவும் கடந்திருந்தால் முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.